ஆட்டுக்கு ஊசி போடுகிற நாள்

துர்கானாக்காரர்களின் வீட்டுக்குச் சுவர் கிடையாது. முள்கிளைகளை வட்டமாக அடுக்கிய வேலி, அதற்குள் மனைவிக்கு ஒன்றாகக் குச்சி வளைத்துக் கட்டிய குடில்கள், நடுவில் ஆட்டுப்பட்டி, ஓரத்தில் ஒட்டகங்கள். மொத்தத்துக்கும் 'அவி' என்று பெயர். இரவில் யார் இருமினார்கள், யார் குடுவையில் பால் நிறையவில்லை, யார் எதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள் என்பதெல்லாம் விடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கென்யாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் துர்கானாவில், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேலான பரப்பில், 2019 கணக்கெடுப்பின்படி 9,26,976 பேர் வாழ்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஆட்டையும் மாட்டையும் ஒட்டகத்தையும் நம்பி இருக்கும் ஜனம். மழை எங்கே பெய்ததோ அங்கே போவார்கள். வறட்சி முற்றினால் எல்லை தாண்டி உகாண்டாவின் கரமோஜா வரை போவார்கள்.

துர்கானாவின் தலைநகரான லோட்வாரை மையமாக வைத்து இயங்கிய ஒரு நடமாடும் மருத்துவக் குழுவில் நான் செவிலியராக இருந்தேன். ஊருக்கு வந்து எச்.ஐ.வி. வேலையைப் பற்றிச் சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "படிக்காத ஜனம், காட்டுல இருக்கிறவங்க, நோய் வந்தவங்கள ஒதுக்கத்தானே செய்வாங்க." இதை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. நான் வளர்ந்தது நாமக்கல் பக்கம். லாரித் தொழில் செழித்த அந்த ஊரில் படித்தவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் கண்டுபிடித்தது 1986-ல். அதற்கப்புறம் எத்தனை பிரசவ வார்டுகளில் எத்தனை பெண்களைத் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள்! அவர்களில் யாரும் ஆடு மேய்த்தவர்கள் இல்லை.

துர்கானாவில் ஒதுக்குவது என்றால் அடிப்பதோ துரத்துவதோ கிடையாது. அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நடப்பது இதுதான். ஒரு பெண்ணுக்கு நோய் என்று பேச்சு கிளம்புகிறது. அவள் கறந்த பாலை மற்றவர்கள் தொடுவதில்லை. அவளுடைய ஆடுகளை இன்னொரு மனைவியோ நாத்தனாரோ கறக்கத் தொடங்குகிறார்கள். அவள் குடுவை தனியாகப் போகிறது. பிறகு கிணறு. வறண்ட ஆற்றுப்படுகையில் மணலைத் தோண்டிக்கொண்டே போய் ஊற்று எடுப்பார்கள். கோடை ஏற ஏறக் குழி ஆழமாகும். ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராகக் குழிக்குள் நின்று வாளியைக் கைமாற்றி மேலே கொண்டுவர வேண்டும். ஆள் சேர்ந்தால்தான் தண்ணீர். அந்த வரிசையில் உனக்கு இடமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் வரும்போது வரிசை முடிந்திருக்கும், அவ்வளவுதான். தனியாக ஒருத்தி அந்தக் குழியிலிருந்து நாற்பது ஆட்டுக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. ஆடு போகும், ஆடு போனால் பால் போகும், பால் போனால் பிள்ளை போகும்.

நகரத்தில் ஒதுக்கப்பட்டவர் வேறு தெருவில் வாடகைக்குப் போகலாம். மேய்ச்சல் வாழ்க்கையில் அந்த வழி கிடையாது. ஆடு மாடு கொடுத்து வாங்கும் உறவு, பஞ்சத்தில் இரவல் கேட்கும் உரிமை, கூடவே இடம்பெயரும் கூட்டம் ஆகியவைதான் அவர்களுக்கு வங்கியும் காப்பீடும் காவல் நிலையமும். அதிலிருந்து விலக்கினால் உயிரிலிருந்தே விலக்கியது போல.

ஆனால் இதை வெறும் கொடுமை என்று முடித்துவிட முடியாது என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு பெரியவர். துர்கானா ஆண்கள் கூடிப் பேச ஒரு மரம் இருக்கும். எல்லா முடிவும் அதன் நிழலில்தான். ஆளுக்கொரு சின்ன மரமணை கையில் இருக்கும். உட்கார அதுவே முக்காலி, படுக்க அதுவே தலையணை. நாங்கள் எச்.ஐ.வி. பற்றிப் பேசி முடித்ததும் அவர் மணையிலிருந்து எழாமல் கேட்டார்: "மகளே, லௌகோய் வந்த மாட்டை நீ மந்தையோடு விடுவாயா?"

லௌகோய் என்பது மாட்டின் நுரையீரலைத் தாக்கும் தொற்று. மூச்சுக் காற்றில் பரவும். ஒரு மாட்டுக்கு வந்து கவனிக்காமல் விட்டால் மந்தையில் பாதி போய்விடும். அதனால் இருமும் மாட்டைப் பிரித்துக் கட்டுவது நல்ல மேய்ப்பனின் முதல் வேலை. பெரியவர் கேட்டது அறியாமையில் பிறந்த கேள்வியில்லை. தொற்று என்றால் என்னவென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவரின் கேள்வி. "பயப்படாதீர்கள், அன்பு காட்டுங்கள்" என்ற எங்கள் சுவரொட்டியில் அதற்குப் பதில் இல்லை.

எங்கள் குழுவில் இருந்த துர்கானா தன்னார்வலர் ஒருத்திதான் பதில் சொன்னாள். தனக்கே தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவள். அவள் திருப்பிக் கேட்டாள்: "ஐயா, உண்ணிக் காய்ச்சல் வந்த மாட்டை ஏன் பிரிக்க மாட்டீர்கள்?" உண்ணி கடித்தால்தான் அது வரும், பக்கத்தில் நின்றால் வராது என்றார் அவர். "காளை ஏறுவதால் வரும் நோயும் உண்டுதானே, அது தண்ணீர்த் தொட்டியால் வருமா?" வராது. "அப்படித்தான் இதுவும். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வழித்தடம். இது படுக்கையில் வரும், ரத்தத்தில் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். குடுவையில் வராது, கிணற்றில் வராது." அவர்கள் வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயத்திலிருந்தே அவள் பேசினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கேள்வி மேல் கேள்வி வந்தது. மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஏனென்றால் அதற்கான விடை இன்று மிகத் தெளிவாக இருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவு வழியாக அவர் யாருக்கும் கடத்துவதில்லை. 2016-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 888 இணைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகளில் இணையிடமிருந்து இணைக்குப் போன தொற்று ஒன்றுகூட இல்லை. தாய் மருந்து எடுத்தால் பிள்ளையும் பெரும்பாலும் தப்பிக்கிறது. கென்யா 2016 முதல் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்குகிறது. இன்று ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. இந்தச் செய்தி பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்களிலேயே பலர் இதை அழுத்திச் சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் ஜனங்கள் கட்டுப்பாடில்லாமல் நடப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஒருவர் ஆபத்தானவர் இல்லை என்று தெரிந்தும் அதை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது அவரை ஒதுக்குவதில் பங்கெடுப்பதுதான்.

நம் ஊரில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேட்ட காலம் நினைவிருக்கும். விளம்பரமாக அது பெரிய வெற்றி. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் தெரியாத ஆள் இல்லை. ஆனால் நோய் வந்தவன் ஏதோ தப்பு செய்தவன் என்ற எண்ணத்தையும் அது சேர்த்தே விதைத்தது. கணவனிடமிருந்து தொற்று வாங்கிய பெண்களும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கென்யாவிலும் 1999-ல் எய்ட்ஸைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்த காலத்துச் சுவரொட்டிகளில் எலும்பும் தோலுமான உருவங்கள்தான். பயமுறுத்திப் போட்ட விதையை அன்பு காட்டச் சொல்லிப் பிடுங்க முடியாது.

இனி மாத்திரைக் குப்பியைப் பற்றி. வெள்ளை பிளாஸ்டிக் குப்பி, முப்பது மாத்திரை. அல்லது தொண்ணூறு. லேபிளைத் திருப்பினால் பெரும்பாலும் ஹைதராபாத் முகவரி. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 2001-ல் 350 டாலருக்குத் தருகிறோம் என்று மும்பையின் சிப்லா நிறுவனம் முன்வந்த பிறகுதான் ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு இந்த மருந்து எட்டத் தொடங்கியது. அந்த லேபிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தக் குப்பி குலுங்கும். நடக்கும்போது கலகலவென்று சத்தம் போடும். சுவரில்லாத வீட்டில், எல்லோரும் சேர்ந்து நடக்கும் இடப்பெயர்ச்சியில், அந்தச் சத்தம் ஒரு அறிவிப்பு. பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? மருந்தகத்தை விட்டு வெளியே வந்ததும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடுவார்கள். லேபிளை நகத்தால் சுரண்டுவார்கள். சிலர் குப்பிக்குள் பஞ்சை அடைப்பார்கள். சிலர் மாத்திரைகளைத் துணியில் முடிந்து, கழுத்தில் அடுக்கியிருக்கும் பாசிமணிகளுக்குக் கீழே மார்போடு செருகிக்கொள்வார்கள். வெயிலிலும் வியர்வையிலும் மாத்திரை பொடியும். மருந்து வேலை செய்யாமல் போனதாகச் சோதனை காட்டும். "ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று மையத்தில் திட்டு விழும். குப்பியின் சத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. மேய்ச்சல் ஜனத்துக்கு மாதாமாதம் வந்து மருந்து வாங்கு என்று சொல்வதே ஒரு வகை ஒதுக்கல்தான். மந்தை நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒருத்தி மட்டும் கூட்டத்தை விட்டுவிட்டு மாதாமாதம் எங்கே நடக்கிறாள் என்று கேள்வி எழாதா? மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் சேர்த்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்த பிறகு எத்தனையோ பேரின் ரகசியம் காப்பாற்றப்பட்டது. எந்த விழிப்புணர்வு நாடகமும் செய்யாத வேலையை அந்த ஒரு நிர்வாக முடிவு செய்தது. இதையே இன்னும் நீட்ட வேண்டும். இப்போது உகாண்டாவிலும் கென்யாவிலும் முதல்நிலை மருந்து ஒன்றே. ஒரு நாட்டின் சிகிச்சை அட்டையை மறு நாட்டு மையம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டால் போதும்.

அடுத்து மருத்துவமனையின் பெஞ்சு. கென்யாவில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு 'சி.சி.சி.' என்று தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் வந்ததுதான். பழகிய ஆலோசகர், பொறுமையாகப் பேச நேரம் எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் அந்த மூன்று எழுத்து நாடு முழுக்கத் தெரியும். அந்த பெஞ்சில் உட்கார்ந்தவரை யாராவது பார்த்தால் கதை முடிந்தது. வறட்சிக் காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 2020 கடைசியிலிருந்து ஐந்து மழைப்பருவம் தொடர்ந்து பொய்த்தபோது, வெறும் வயிற்றில் மாத்திரை போட முடியாமல் பலர் நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சத்துமாவுப் பொட்டலம் கொடுக்கப்பட்டது. அந்தப் பொட்டலத்தைக் கையில் பார்த்ததும் ஊர் புரிந்துகொண்டது. பசித்திருந்த ஒரு அம்மா அதை எங்கள் வண்டியருகிலேயே உட்கார்ந்து முழுக்கத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போக அவளுக்குத் துணிவில்லை. நாங்கள் அதற்கப்புறம் எல்லோருக்கும் தருகிற சாதாரண மாவுப் பையிலேயே இதையும் சேர்த்துக் கட்டினோம்.

என் கட்சி இதுதான்: நோயைத் தனியாக எடுத்துக் காட்டும் எந்த ஏற்பாடும் ஒதுக்கலை வளர்க்கும். மற்ற நோய்களோடு கலந்துவிட்டால் அது தணியும். உகாண்டாவிலும் கென்யாவிலும் 32 கிராமப் பகுதிகளில் 2013-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இந்த வழியைச் சோதித்தது. எச்.ஐ.வி. முகாம் என்று பெயர் வைக்காமல் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மலேரியா என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊர்த் திருவிழா போல நடத்தினார்கள். பத்தில் ஒன்பது பேர் எச்.ஐ.வி. சோதனைக்கும் கை நீட்டினார்கள். அவை ஓரிடத்தில் தங்கி வாழும் கிராமங்கள். மேய்ப்பர்களுக்கு என்ன திருவிழா?

அவர்களுக்குத் திருவிழா ஆட்டுக்கு ஊசி போடுகிற நாள். இதை முதலில் காட்டியது சாட் நாடு. அங்கே நாடோடி மேய்ப்பர்களிடம் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டு திகைத்தார்கள். மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது, ஆனால் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை. கால்நடை மருத்துவர் மந்தையைத் தேடிப் போகிறார், மனித மருத்துவர் மனிதரைத் தன்னிடம் வரச்சொல்கிறார். வித்தியாசம் அங்கேதான். இரண்டு குழுவும் ஒரே வண்டியில் போகத் தொடங்கியதும் குழந்தைகளுக்கும் தடுப்பூசி கிடைத்தது. மாடுகளை லட்சக்கணக்கில் கொன்ற வெக்கை நோயை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். கரமோஜா, எத்தியோப்பியாவின் அஃபார் போன்ற இடங்களில் அதைச் சாதித்தது வெயில் தாங்கும் தடுப்பூசியும், மேய்ப்பர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பழக்கிய கால்நடைப் பணியாளர்களும்தான். அவர்களின் மருந்துப் பை திறக்காத அவி கிடையாது.

எங்கள் குழுவும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி நாட்களில் ஒட்டிக்கொண்டது. முள்வேலியால் குறுகலாக ஒரு சந்து அமைத்திருப்பார்கள். ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலறிக்கொண்டு வரும். சிறுவர்கள் பின்னங்காலைப் பிடிக்க, ஊசி போட்டவர் சாயத்தால் ஒரு கோடு இழுத்து விடுவார். புழுதியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இருபது அடி தள்ளி ஒரு சீமைக்கருவேல நிழலில் எங்கள் மேசை. (துர்குவெல் ஆற்றங்கரை முழுக்க அதே சீமைக்கருவேலம்தான். ராமநாதபுரத்துக்காரர் யாராவது வந்தால் வழி தெரியாமல் நிற்கமாட்டார்.) பிள்ளைகளுக்குக் கை சுற்றளவு, பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், காய்ச்சல் உள்ளவர்களுக்கு மலேரியா, விரும்பியவர்களுக்கு எச்.ஐ.வி. ரத்த அழுத்தம் பார்ப்பதை வேண்டுமென்றே வண்டிக்குள் வைத்தோம். ஊரே ஒவ்வொருவராக வண்டிக்குள் ஏறி இறங்கியதால், யாரிடம் உள்ளே எதைப் பேசினோம், யாருக்கு மருந்து கொடுத்தோம் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் வந்தார்கள். மருத்துவமனைப் படியேறாத ஆண்கள், ஆட்டைப் பிடித்த கையோடு வந்து விரலை நீட்டினார்கள்.

2025-ல் அமெரிக்க உதவி முடங்கியபோது கென்யாவில் பல இடங்களில் தனி மையங்களைப் பொது வெளிநோயாளர் பிரிவோடு சேர்த்தார்கள். கேட்டால் என் கட்சி ஜெயித்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. பெஞ்சு போனதோடு ஆலோசகர்களும் போய்விட்டார்கள். துர்கானா மொழியில் அமைதியாகப் பேச ஆளில்லாத கூட்டத்தில், பெயரைக் கூவி மருந்து கொடுக்கும் இடத்தில், ரகசியம் எப்படித் தங்கும்? பணம் மிச்சம் பிடிக்கச் சேர்ப்பது வேறு, மனிதரைக் காக்கச் சேர்ப்பது வேறு.

சட்டம் என்ன செய்கிறது? கென்யாவில் 2006-ல் எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வேலை, பள்ளி, சிகிச்சை எதிலும் பாகுபாடு கூடாது, ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்கிறது. வழக்கை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயமே இருக்கிறது. ஆனால் அது இருப்பது நைரோபியில், லோட்வாரிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் போல. மேய்ச்சல் பெண்ணுக்கு வேலையில் பாகுபாடு பிரச்சினையில்லை. அவள் பிரச்சினை ஆடு. 1981-ல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டத்தின் 32, 33-ஆம் பிரிவுகள் துர்கானா, சம்புரு, மார்சபிட், கஜியாடோ, நாரோக் உள்ளிட்ட மேய்ச்சல் மாவட்டங்களில் விவசாய நிலத்தையும் கால்நடையையும் பொது விதியிலிருந்து விலக்கி, வழக்காற்றுச் சட்டத்துக்கு விட்டுவிட்டன. கணவன் எய்ட்ஸில் இறந்தால் அவன் மந்தை யாருக்கு என்பதை அவன் சகோதரர்கள்தான் முடிவு செய்வார்கள். "அவளும் சீக்கிரம் போய்விடுவாள், அவளுக்கு எதற்கு ஆடு?" என்ற ஒரு வாக்கியம் போதும். ஒதுக்கலால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்து இதைப் பேசவே முடியாது. இங்கே பயத்தைப் போக்கினாலும் பேராசை மிச்சமிருக்கும்.

ஆனால் வழக்காறு கல்லில் எழுதியதும் இல்லை. மரத்தடியில் பேசித்தானே அது உருவாகிறது. நான் முன்னே சொன்ன தன்னார்வலரே அப்படி விதவையானவள். கணவன் இறந்தபோது அவளும் எலும்புக்கூடாக இருந்தாள். கொழுந்தன் மந்தையை ஓட்டிப் போய்விட்டான். மருந்து பிடித்து உடம்பு தேறியதும் அவள் திரும்பக் கிணற்று வரிசையில் போய் நின்றாள். எல்லோரையும் போல வாளி தூக்கினாள். செத்துவிடுவாள் என்று சொல்லி எடுத்தீர்கள், நான் சாகவில்லை, கொடுங்கள் என்று மரத்தடியில் வைத்துக் கேட்டாள். மாட்டு நோய் பற்றிக் கேட்ட அதே பெரியவர் நடுவில் இருந்தார். குட்டிகளோடு ஒரு பங்கு ஆடு அவளுக்கும் அவள் மகனுக்கும் வந்தது. மாடுகள் வரவில்லை. அதற்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அவள் கேட்பது கால்நடைப் பணியாளர் பயிற்சி. எச்.ஐ.வி. தன்னார்வலராகப் போனால் வாசலில் ஒருமுறை தயங்குகிறார்கள், ஆட்டு மருந்தோடு போனால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள் என்கிறாள். இந்தப் பயிற்சிக்கு ஊர் பெயர் சொல்லும்போது வழக்கமாக ஆண்களைத்தான் சொல்கிறார்கள். அடுத்த பட்டியல் தயாராகும்போது அவள் பெயரையும், அவளைப் போல மருந்து எடுத்துக்கொண்டு மந்தை வளர்க்கும் இன்னும் சில பெண்களின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று பெரியவர்களிடம் பேசி வருகிறோம். இருவர் சம்மதித்துவிட்டார்கள். மற்றவர்கள், ஒட்டகத்துக்கு ஊசி போட இவளுக்குக் கை எட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.